நான் கட்டின ஜெட்டை நான்தான் ஓட்டுவேன்

“கொடி மேடம்” என்று சொல்லி டாக்டர் நஞ்சப்பா கையை நீட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். அவசரம் என்றால் மட்டும் கன்னடம்தான். ‘கொடுங்கள்’ என்று கேட்கிறார்.

பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் போகிற வழியில், நீலகிரி மரங்களுக்கும் ராகி வயலுக்கும் நடுவே எங்கள் மாதிரி விமானக் கிளப்பின் தார்ப்பாதை இருக்கிறது. அன்றைக்கு ஆயுத பூஜை. மழை விட்டு நாலு நாள்கூட ஆகவில்லை, புல்லெல்லாம் பச்சையாக இருந்தது. பாதை ஓரத்தில் என் ஜெட் நின்றுகொண்டிருந்தது.

சாம்பல் நிறம், இரட்டை வால், பார்த்தால் அசல் போர் விமானம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைவிட நீளம். இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாது. வயிற்றுக்குள் மண்ணெண்ணெயில் ஓடும் நிஜ டர்பைன் என்ஜின். கீழே நின்று ரிமோட்டால் ஓட்டுகிறோம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

டாக்டர் கேட்டது என் கழுத்தில் பட்டை கட்டித் தொங்கிய அந்த ரிமோட் பெட்டியைத்தான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். யார் புதிதாகப் பெரிய ஜெட் கட்டிக்கொண்டு வந்தாலும், முதல் தடவை அதை மேலே ஏற்றி இறக்குவது நஞ்சப்பாதான். கட்டியவர் ஓரமாக நின்று சாமியை வேண்டிக்கொள்வார். வருஷக்கணக்காக உழைத்ததை ஓட்டும்போது யாருக்கும் கை நடுங்கும். நடுங்காத கை ஒன்று ஓட்டட்டுமே என்பது ஏற்பாடு. நஞ்சப்பா தொழிலில் பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் ஊசியை விட்டுப் பழகின கை நடுங்குமா? அவர் காப்பாற்றிக் கொடுத்த விமானங்கள் எத்தனையோ. வழக்கத்தில் தப்பே இல்லை.

“நான் குடுக்க மாட்டேன் டாக்டர்” என்றேன்.

“தமாஷ் பேடா மேடம்.” வேண்டாம் என்கிறார்.

“தமாஷெல்லாம் இல்ல. நான் கட்டின ஜெட்ட நான்தான் ஓட்டுவேன்.”

கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“ஏம்மா, பெரிய மனுசன் கேக்கறாரு இல்ல. குடுத்துடேன்.”

“நீங்க சும்மா இருங்க.”

நஞ்சப்பா கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது, அதுதான் எரிச்சலும். நிமிர்ந்து மரங்களைப் பார்த்தார். “காத்து குறுக்க அடிக்குது. அது அடங்கட்டும். அதுவரைக்கும் சொல்ப யோசனெ மாடி” என்று என்னை யோசிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

யோசிக்க எனக்கு என்ன இருந்தது? முப்பது வருஷத்துக்கு மேல் யோசித்து வைத்த விஷயம் அது.

வேலிக்கு இந்தப் பக்கம்

போன வாரம் இந்தப் பத்தியில், நான் ஓய்வு பெற்ற நாளைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “அப்புறம் வீட்டில் எப்படி அம்மா பொழுது போயிற்று?” பொழுது போகவில்லை என்று நான் எப்போது சொன்னேன்?

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வயர் கட்டும் பிரிவில் எனக்கு வேலை. பெரிய பலகை, அதில் வரைபடம், அதன்மேல் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஆணி வயர்களை இழுத்துப் படுக்கவைத்து, மெழுகு நூலால் விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஆகாயத்தில் எவ்வளவு குலுக்கினாலும் அவிழக் கூடாது, வயரைக் கடிக்கவும் கூடாது. நூல் அறுத்து அறுத்து என் ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது, இன்னும் இருக்கிறது.

புது விமானம் ஒன்று முதல் தடவை பறக்கிற நாளில் எங்கள் பிரிவே காலியாகிவிடும். எல்லோரும் ஓடிப்போய்க் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்போம். அந்தப் பக்கம் பைலட் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். விமானம் ஏறும், தலைக்கு மேலே ஒரு சுற்று வரும், காது அடைத்துப் போகும், இறங்கும். பைலட்டுக்கு மாலை, போட்டோ, கைகுலுக்கல். எங்களுக்கு ஆளுக்கொரு லட்டு. லட்டைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு மறுபடி நூலை எடுப்போம்.

எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அந்த விமானத்துக்குள் கையை விட்டால் எந்த இடத்தில் எந்த வயர் போகிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்வேன். உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஒரு தடவை எங்கள் சூப்பர்வைசரிடம் வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். அவர் சிரித்தார். “ஏம்மா கஸ்தூரி, தேர் செய்யற ஆசாரி தேர் மேல ஏறி உக்காந்தா போறான்?”

“ஏன் சார், உக்காந்தா தேர் ஓடாதா?” என்றேன்.

அன்றையிலிருந்து எனக்கு வாயாடி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

மேஜையில் உடம்பு, கட்டிலில் இறக்கை

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இந்தக் கிளப்பில் சேர்ந்தேன். சின்னச் சின்ன பேட்டரி விமானங்களில் ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஓட்டிப் பழகினேன். ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில் ஒரு பயிற்சி வைத்துக்கொள்வேன். விமானத்தை உயரே ஏற்றி, என்ஜினை நானே அணைத்துவிட்டு, சும்மா மிதக்கவிட்டுப் பாதையில் கொண்டுவந்து இறக்குவது. “என்னக்கா, கரண்ட் மிச்சம் புடிக்கிறீங்களா?” என்று பசங்கள் கேலி செய்வார்கள். தொழிற்சாலையில் வேலை செய்தவளுக்கு ஒன்று தெரியும்: ஓடுகிற எதுவும் ஒரு நாள் நிற்கும்.

அப்புறம்தான் ஜெட். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டு எழுதப்போகும் வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், சொல்ல மாட்டேன்.

பாகங்கள் பெரிய பெரிய பெட்டிகளில் அல்சூர் வீட்டுக்கு வந்து இறங்கின. எங்களுக்கு மாடி வீடு, ஒரு ஹால், ஒரு படுக்கையறை. சாப்பாட்டு மேஜையில் விமானத்தின் உடம்பு ஏறியது, கட்டிலில் இறக்கைகள் படுத்தன, தூசி விழாமல் கொசுவலை கட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் வீட்டுக்காரர் முனிரத்தினம் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சிட்டி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குத்தான் முதல் மரியாதை என்பது அவர் கட்சி.

உடம்பு கண்ணாடி இழை. தட்டினால் பானை மாதிரி சத்தம் வரும். பசையை இரண்டு டியூபிலிருந்து சமமாகப் பிதுக்கிக் கலக்க வேண்டும். பெங்களூர்க் குளிரில் அது லேசில் காயாது. குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு, குஞ்சு பொரிக்கிற மாதிரி காவல் இருந்து காயவைத்தேன். வாலில், இறக்கையில், அசைகிற ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே ஒரு குட்டி மோட்டார். அத்தனைக்கும் வயர். வயர் வேலை ஆரம்பித்த அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், சிரிக்காதீர்கள்.

தொழிற்சாலையில் எப்படிக் கட்டினேனோ அப்படியே கட்டினேன். மெழுகு நூல், விரல் இடைவெளி, ஒவ்வொரு முடிச்சும் ஒரே பக்கம் பார்த்து.

நடுவில் ஒரு நாள் நஞ்சப்பா பார்க்க வந்தார். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

“மேடம், இதுக்கு பிளாஸ்டிக் டை போதுமே. எதுக்கு இவ்ளோ கஷ்டம்?”

“பிளாஸ்டிக் டை வெட்டின முனை நம்ம கையவே கிழிக்குது டாக்டர். வயர சும்மா விடுமா?”

அவர் போன் எடுத்து உள்ளேயிருந்த முடிச்சுகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார். கிளப்பில் எல்லோருக்கும் காட்டினாராம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

சக்கரங்கள் உள்ளே மடங்கி வெளியே வருவதைச் சோதித்தபோது எங்கள் வீட்டுக்காரர் கையைத் தட்டினார். “இன்னொரு தபா, இன்னொரு தபா” என்று பேட்டரி தீர்கிற வரை என்னை விடவில்லை.

ஜன்னல் வழியாக

இவ்வளவு சாமர்த்தியசாலி ஒரு காரியம் செய்தாள். உடம்பின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, வால்களையும் ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது.

எங்கள் மாடிப்படி ஆள் திரும்பவே ஒருக்களிக்க வேண்டிய படி. விமானத்தைப் படுக்கவைத்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம், வாலை முன்னால் விட்டுப் பார்த்தோம். ஊஹும்.

மேல் வீட்டு சலீம் பாய் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். படியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “அரே அக்கா, ஏரோப்ளேன் கட்டத் தெரியுது, வாசப்படி அளக்கத் தெரியலியா?” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவரே ஹால் ஜன்னலின் கம்பியை அறுத்து எடுத்தார். என் நூல் புடவைகளை முறுக்கித் தொட்டில் கட்டி, மேலே நாலு பேர் பிடித்துக்கொள்ள, கீழே தெருவே கையை உயர்த்தி நிற்க, ஜெட் மெல்ல இறங்கியது. கீழ் வீட்டு அம்மா ஆரத்தி எடுத்தார். வாடகைக்கு எடுத்த குட்டி யானை வண்டியில் பஞ்சு மெத்தை போட்டு ஏற்றினோம். எங்கள் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். ஓசூர் ரோட்டில் மாட்டு வண்டிகூட எங்களை முந்தியிருக்கும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ‘போ, போ’ என்று காட்டிக்கொண்டே வந்தார்.

கிளப்பில் முதல் முதலாக, விமானத்தைக் கட்டிப்போட்டு என்ஜினை ஓட்டிப் பார்த்த நாளும் ஞாபகம் இருக்கிறது. மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை ஞாபகம் வந்தது. அம்மா பம்ப் ஸ்டவ்வைக் குத்திப் பற்றவைப்பாள், அது ‘புர்ர்’ரென்று பிடித்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த முதல் என்ஜின் அதுதான். அம்மா இருந்திருந்தால் இதையும் ஸ்டவ் என்றுதான் சொல்லியிருப்பாள்.

பஸ்காரர் பூஜை

சரி, தார்ப்பாதைக்கு வருவோம். காற்று அடங்கக் காத்திருக்கிறோம்.

ஆயுத பூஜை அன்றைக்குத்தான் முதலில் பறக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக்காரர் பிடிவாதம். பெங்களூரில் அந்த நாளில் ஒரு சைக்கிள்கூடப் பொட்டில்லாமல் போகாது. அவர் டெப்போவில் இருந்த காலத்தில் பஸ்ஸின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் நிரப்பின பூசணிக்காயை உடைத்து, கடலைப்பொரி கொடுத்து அமர்க்களப்படுத்துவார். அதே மாதிரி இதற்கும் செய்வதாகப் பை நிறைய வாங்கி வந்துவிட்டார்.

“ஒண்ணும் கூடாது” என்றேன்.

“ஏம்மா?”

“பூசணி விதை, பூ, பொரி, எது பறந்தாலும் என்ஜின் உள்ள இழுத்துக்கும். அத்தோட கதை முடிஞ்சது. கற்பூரம் பேச்சே எடுக்காதீங்க, மண்ணெண்ண நெறச்சி வெச்சிருக்கேன்.”

முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கும் பாவமாக இருந்தது. “சரி, சந்தனம் குங்குமம் மட்டும் வெச்சிக்கோங்க” என்றேன். பூசணியைத் தூரத்தில் நின்ற குட்டி யானைக்கு உடைத்துக்கொண்டார்.

எண்ணெய் நிரப்பி, துவாரங்களில் தூசி புகாமல் செருகி வைத்திருந்த சிவப்பு அடைப்பான்களையெல்லாம் எடுத்துவிட்டு, நான் ரிமோட் பெட்டியோடு அந்தப் பக்கம் போனேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு வைக்கிற மாதிரியே ஜெட்டைச் சுற்றி வந்து பொட்டு வைத்தார். மூக்குக்கு, இறக்கை முனைக்கு, ஒவ்வொரு சக்கரத்துக்கும். கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெயிலில் சந்தனம் காய்ந்து வெளுத்தது.

மரங்கள் அசையாமல் நின்றன. நஞ்சப்பா எழுந்து வந்தார்.

“யோசனெ ஆய்த்தா மேடம்?”

“ஆச்சு. நான்தான் ஓட்டுவேன்.”

“போச்சுன்னா?”

“போச்சுன்னா என் கையால போகட்டும் டாக்டர். இத்தன வருசம் நான் கட்டினத வேற யாரோதான் மேல எடுத்துட்டுப் போனாங்க. இது ஒண்ணையாவது விடுங்க.”

“சரி. பக்கத்துல நான் நிக்கறேன். நான் சொன்னா கேக்கணும்.”

“எல்லாம் கேக்கறேன். பொட்டியக் குடுன்னா மட்டும் கேக்க மாட்டேன்.”

மேலே

என்ஜின் முதலில் சீழ்க்கை அடித்தது, அப்புறம் ஊதியது, அப்புறம் அலறியது. பின்னாலிருந்த ராகி வயல் அனலில் நெளிந்தது. பாதையின் முனைக்குக் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினேன். விசையை முன்னால் தள்ளினேன்.

ஓடியது. ஓடிக்கொண்டே மூக்கைத் தூக்கியது. சக்கரம் தரையை விட்டதை நான் கண்ணால் பார்க்கும் முன்பே கை சொல்லிவிட்டது. பின்னால் விசில், கூச்சல். சக்கரங்களை மடக்கினேன். நீலகிரி மரங்களுக்கு மேலே ஏறி, வெயிலில் வயிற்றைக் காட்டித் திரும்பி, எங்கள் தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. உள்ளே ஓடுகிற ஒவ்வொரு வயரும் என் முடிச்சு. நான் அழுதுகொண்டிருந்தேன். துடைக்கக் கை ஏது?

“சக்கத்தாகிதெ மேடம்!” என்றார் நஞ்சப்பா. பிரமாதம் என்கிறார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று. ராகி வயலின் அந்தக் கோடியில் திரும்பும்போது சத்தம் நின்றது.

சட்டென்று. அலறிக்கொண்டிருந்தது அப்படியே வாயை மூடிக்கொண்டது. ரிமோட் பெட்டிக்குள்ளிருந்த பெண் குரல் என்ஜின் நின்றுவிட்டது என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னது.

“கொடி மேடம், கொடி! கொடி!” நஞ்சப்பாவின் கை பெட்டிக்கே வந்துவிட்டது.

“தொடாதீங்க!”

நான் போட்ட கூச்சலில் அவர் கையை இழுத்துக்கொண்டார். என்ஜின் இல்லாத ஜெட் கல்தான். மூக்கைத் தூக்கினால் உயரே நிற்கும் என்று மனசு சொல்லும், அதைக் கேட்டால் தலைகீழாக விழும். மூக்கை இறக்கினேன். வேகம் வேண்டும், வேகம் மட்டும்தான் இப்போது என்ஜின். பாதையைப் பார்த்துத் திருப்பினேன். சக்கரத்தை இப்போதே இறக்கினால் காற்று தடுத்து வேகம் குறையும், பொறு, பொறு. எனக்குக் கை நடுங்கவில்லை. இதை எழுதும்போதுதான் நடுங்குகிறது.

“வீல்! மேடம், வீல்!”

“தெரியும்!”

ராகிக் கதிர்களுக்கு ஒரு முழம் மேலே வந்தபோது சக்கரங்களை இறக்கினேன். தார்ப்பாதை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. புல்லில் மோதியது, ஒரு துள்ளு துள்ளியது, ஏதோ துண்டு ஒன்று தெறித்தது, தாரில் ஏறியது, நேராக உருண்டு வந்து நின்றது.

ஒரு பையன் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதன் பிறகு போட்டார்கள் பாருங்கள் ஒரு கூச்சல், சந்தாபுராவரை கேட்டிருக்கும்.

காற்றுக்கு ஒரு துவாரம்

முன் சக்கரத்தை மூடும் கதவு ஒன்று பிய்ந்திருந்தது. அவ்வளவுதான் சேதம். எண்ணெய் பாதிக்கு மேல் மிச்சம். பிறகு ஏன் நின்றது?

மேல் மூடியைக் கழற்றினேன். எண்ணெய் டேங்க் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிப்போய், காற்று இழுத்த பால் பாக்கெட் மாதிரி இருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. டேங்க்கிலிருந்து எண்ணெய் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக விமானத்தின் அடிவயிற்றில் சுண்டு விரல்கூட நுழையாத துவாரம் ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது.

குனிந்து அடியில் பார்த்தேன். துவாரத்தின் மேல், அளவெடுத்து வைத்த மாதிரி, காய்ந்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

திருப்புளி முனையால் நோண்டினேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. டேங்க் ‘டப்’பென்று உப்பிப் பழையபடி ஆனது.

“யாரு வெச்சது இத?” என்று யாரோ கேட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். அங்கே பொட்டு வைத்தவர் ஒருவர்தான் என்றாலும், கூட்டத்துக்கு நடுவில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கிண்ணத்தோடு முன்னால் வந்தார்.

“நான்தான். டீசல் டேங்க் மூடிக்குப் பொட்டு வெக்காம டெப்போலேந்து வண்டிய எடுத்ததேயில்ல. ஓட்டையப் பாத்தேன். இதுதான் டேங்க்குன்னு நெனச்சி வெச்சிட்டேன்.”

“ஏங்க! ஒருத்தன் மூக்க அடைச்சிட்டு ஓடுன்னா ஓடுவானா?” கத்திவிட்டேன். எத்தனை வருஷ உழைப்பு, அரை விரல் சந்தனத்தில் போயிருக்குமே. வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன்.

“திட்டு. நீ திட்டு” என்றார். கண் கலங்கியிருந்தது. எத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் ஒருத்தர் மேல் இடித்ததில்லை என்று மார் தட்டுகிற மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தப்பைத் தானாக ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? தொழிற்சாலையில் பெரிய பெரிய அதிகாரிகளுக்கே வந்ததில்லை. எனக்கு அந்த நிமிஷத்தில் ஜெட்டைவிட அவர்மேல்தான் பெருமையாக இருந்தது.

நஞ்சப்பா தொண்டையைக் கனைத்தார். “மேடம், நீங்க பொட்டியக் கையில குடுத்திருந்தீங்கன்னா, கை மாத்தற நேரத்துலயே அது ராகிக்குள்ள போயிருக்கும். நான் கேட்டது தப்பு.” சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார்: இனிமேல் கட்டியவர் ஓட்டுகிறேன் என்றால் ஓட்டட்டும், என்னைக் கேட்க வேண்டாம்.

பக்கத்தில் நிற்பவர்

பிய்ந்த கதவை எடுத்துப் பையில் போட்டேன். டேங்க்கில் விரிசல் இல்லை, எண்ணெய்க் குழாயில் கசிவு இல்லை. என்ஜினை ஓட்டிப் பார்த்தேன், மணி மாதிரி ஓடியது. மறுபடி எண்ணெய் நிரப்பினேன்.

“இன்னிக்கே இன்னொரு தடவையா?” என்றார் நஞ்சப்பா.

“ஏன், சாமி கும்பிட்டாச்சே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அங்கே இல்லை. தூரத்தில் குட்டி யானையின் படியில் போய் உட்கார்ந்திருந்தார். இனிமேல் ஜெட் பக்கமே வருவதில்லை என்று பசங்களிடம் சொன்னாராம்.

ஜெட் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். ஓட்டுகிறவரின் கண் விமானத்தை விட்டு நகராது. பாதை காலியா, நாய் மாடு குறுக்கே வருகிறதா, வேறு விமானம் இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது பக்கத்தில் நிற்பவர் வேலை. நஞ்சப்பா வந்து என் பக்கத்தில் நின்றார்.

“டாக்டர், கோச்சிக்காதீங்க. நீங்க அங்க உக்காந்து பாருங்க” என்றேன். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினேன். “ஏங்க! இங்க வாங்க!”

வந்தார். “நான் எதுக்குமா? எனக்கு என்னா தெரியும்?”

“ரோடு பாக்கத் தெரியும் இல்ல? இத்தன வருசம் பெங்களூர் ரோட்டப் பாத்த ஆளு, இந்த ரோட்டயும் பாருங்க. நீங்க சொன்னாத்தான் நான் எடுப்பேன்.”

கிண்ணத்தைப் புல்லில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஜெட்டிடம் போனார். இரண்டு முட்டியையும் தாரில் ஊன்றி, தலையைத் தரையோடு தரையாகச் சாய்த்து, அடிவயிற்றைப் பார்த்தார். அவசரமே படவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தார்.

“ஓட்ட தொறந்திருக்கு. ரோடு காலி” என்றார். பிறகு, டெப்போவே திரும்பிப் பார்க்கிற குரலில்:

“ரைட்!”

விசையை முழுசாக முன்னால் தள்ளினேன்.